லீவு விட்டால் போதுமா?

*குற்றாலத்து வெள்ளம், தென்காசிப் பள்ளிக்கூடம்: ஆபத்து வந்தால் யார் எங்கே போவது, பிள்ளையை யார் கூப்பிடுவது என்று வீடும் பள்ளியும் பேசிக்கொண்டதுண்டா?*

2024 மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல். கோடை விடுமுறை. சீசனுக்கு இன்னும் நாள் கிடந்தது. ஆனாலும் கோடை மழையில் அருவிகளில் தண்ணீர் விழுகிறது என்ற சேதி பரவியதால் பழைய குற்றாலத்தில் கூட்டம். எண்ணெய்க் குளியலும் துண்டும் சோப்புமாகக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள்.

அன்று கைப்பேசியில் எடுத்த காட்சிகளைப் பார்க்காதவர்கள் தென்மாவட்டங்களில் குறைவு. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறுகிறது. அடுத்து இரைச்சல். பாறை எது, படிக்கட்டு எது என்று தெரியாதபடி எல்லாவற்றின் மேலும் வெள்ளம் புரண்டு வருகிறது. ஈரத்துணியோடு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து ஓடுகிறார்கள். எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பார்க்கவும் அவகாசமில்லாத வேகம்.

பெரும்பாலோர் தப்பினார்கள். உறவினர்களோடு வந்திருந்த நெல்லையைச் சேர்ந்த 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டார். தேடுதலுக்குப் பிறகு உடல்தான் கிடைத்தது. குற்றாலத்து அருவிகளில் குளிக்கத் தடை வந்தது, ஆட்சியரும் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் ஓடிவந்தார்கள், தொலைக்காட்சிகளில் ஓரிரு நாள் விவாதம் நடந்தது.

அந்தச் சாவு எந்தப் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டிலும் ‘பள்ளி விபத்து’ என்று ஏறாது. ஏற வேண்டியதுமில்லை. ஆனால் மலையடிவாரத்து மாவட்டத்தில் பன்னிரண்டு வருடம் படிக்கிற பிள்ளைக்கு, அருவியின் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று எந்த வகுப்பிலாவது யாராவது சொல்லித் தருகிறோமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

காலை ஆறு மணிக் கேள்வி

மழைக்காலத்தில் தென்காசி வீடுகளில் விடிந்ததும் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: “லீவு விட்டாச்சா?” டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள். டீச்சருக்கே போன் போடுவார்கள். டீச்சரும் அதே டி.வி.யைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு நடுவே போன வருடத்து அறிவிப்புக்குத் தேதி மாற்றிச் சுற்றவிடும் புண்ணியவான்கள் வேறு.

லீவு விடுவது தேவைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் மழை புரட்டிப் போட்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, பள்ளிகள் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஆனால் லீவு என்பது பிள்ளையைப் பள்ளியின் பொறுப்பிலிருந்து வீட்டின் பொறுப்புக்கு மாற்றுகிறது. அதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பா லோடு ஏற்றிக் கேரளா போயிருப்பார், அல்லது வளைகுடாவில் இருப்பார். அம்மா சுற்றிய பீடியைக் கடையில் கொடுக்கப் போயிருப்பார். பதினொரு மணிக்கு மழை சற்று விட்டதும் “குளம் மறுகால் பாயுதாம்லே” என்று தெருவே கிளம்பும். முன்வரிசையில் நிற்பது அந்த லீவு விட்ட பிள்ளைகள்தான். மறுகால் ஓடையில் மீன் பிடிப்பதும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும் நாம் எல்லாரும் செய்ததுதான். ஆனால் ஆட்சியரின் அறிவிப்பு எதற்காக வந்ததோ, அது அங்கே தலைகீழாகிவிடுகிறது.

லீவுக்கு மேல் ஒரு வார்த்தைகூட வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பேசப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சாவுக்குப் பின்னால் வரும் சட்டம்

நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. கூரைக்கு, படிக்கட்டுக்கு, பேருந்துக்கு என்று எல்லாவற்றுக்கும் உண்டு. அநேகமாக ஒவ்வொன்றுக்கும் பின்னால் சில சிறிய சவப்பெட்டிகளும் உண்டு.

■ பெட்டி: விதி பிறந்த தேதிகள்

2004 ஜூலை 16, கும்பகோணம்: சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர். குறுகலான படிக்கட்டும் நெருக்கியடித்த வகுப்பறைகளும் தப்ப வழி விடவில்லை. நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் மறைந்தன.

2009 ஏப்ரல்: கும்பகோணத்தையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்றது உச்ச நீதிமன்றம். தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கட்டாயமாயின.

2012 ஜூலை 25, சென்னை: சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தார். அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது.

2016 பிப்ரவரி: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

2021 டிசம்பர் 17, திருநெல்வேலி: கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலி. தமிழகம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க உத்தரவு.

2025 ஜூலை 8, கடலூர் செம்மங்குப்பம்: ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் பலி.

நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்த இடம் தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பல பள்ளிகளின் பழைய கட்டடங்கள் தரைமட்டமாயின. நல்லதுதான். ஆனால் 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டம் பிப்லோடியில் அரசுப் பள்ளிக் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தபோது வந்த செய்தியில் ஒரு விவரம் இருந்தது. மேலிருந்து சிறு கற்கள் உதிர்கின்றன என்று பிள்ளைகள் முன்பே சொன்னார்களாம். பொறியாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிற சுவரைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அவர்கள் சொன்னால் எழுதி வைத்துக்கொள்ள எத்தனை பள்ளிகளில் ஒரு நோட்டு இருக்கிறது?

மலைக்கு அந்தப் பக்கம், கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில், அதே 2025 ஜூலை 17 அன்று, சைக்கிள் ஷெட் கூரையில் விழுந்த செருப்பை எடுக்க ஏறிய 13 வயது மாணவர் தாழ்வாகப் போன மின்கம்பியில் பட்டு இறந்தார். அந்தக் கம்பி அன்று காலையில் முளைத்ததல்ல. பல வருடங்களாக எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்தது.

யார் வந்து கூப்பிடுவது?

2024 பிப்ரவரி 8. சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல். புரளிதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் சேதி பரவிய சிறிது நேரத்தில் பெற்றோர் வேலையைப் போட்டது போட்டபடி பள்ளி வாசல்களுக்கு ஓடினார்கள். கேட்டுக்கு வெளியே வண்டிகளும் அழுகையும், உள்ளே சோதனை நடத்தும் போலீஸ். பதற வேண்டாம் என்று காவல்துறை திரும்பத் திரும்பச் சொன்னது. பெற்ற வயிறு எந்த அறிக்கையைக் கேட்கும்?

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தென்காசியில் இப்படியொரு நாள் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எந்தப் பள்ளியானாலும் அது நிற்பது ஒரு குறுகலான தெருவில்தான். முன்னூறு இருசக்கர வாகனங்கள் ஒரே நேரத்தில் அங்கே வந்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? பிள்ளையின் சித்தப்பா என்று சொல்லி வருகிறவரிடம் ஆசிரியர் பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு அம்மா சொன்னால்? அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கத்து வீட்டு அம்மா வந்து, “எம் பிள்ள எங்க சார்?” என்று கேட்டால்?

ஒவ்வொரு பிள்ளைக்கும், அவசரத்தில் வந்து கூப்பிட அனுமதி பெற்ற இரண்டு மூன்று பேரின் பெயரும் கையெழுத்தும் பள்ளியில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஒரே ஒரு தாள்தான். சேர்க்கையின்போது சாதிச் சான்றிதழும் ஆதாரும் கேட்கிற பள்ளி இதையும் கேட்கலாம். இந்த மாவட்டத்துக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: பல வீடுகளில் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எண் துபாயிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கும் அப்பாவுடையது. அவசரத்துக்கு அந்த எண்ணில் அழைத்தால் அங்கிருந்து அவர் இங்கே யாரையோ அழைத்து, அந்த யாரோ இன்னொருவரைத் தேடி, அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமாவோ ஆச்சியோதான் அந்தத் தாளில் முதலில் வர வேண்டியவர்கள்.

இந்தக் கேள்வியை மிகக் கொடுமையான விலை கொடுத்துக் கற்றவர்கள் ஜப்பானியர்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. ஏறுவதா வேண்டாமா என்ற பேச்சிலேயே ஐம்பது நிமிடங்கள் போயின. வந்து கேட்ட பெற்றோரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துக்கொண்டும் இருந்தார்கள். கடைசியில் ஆற்று வழியே ஏறிவந்த சுனாமி 74 பிள்ளைகளையும் 10 ஆசிரியர்களையும் கொண்டுபோனது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். முன்கூட்டியே திட்டம் வைத்திருக்காதது பள்ளியின், நிர்வாகத்தின் தவறே என்ற தீர்ப்பை 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே நாளில், அதே கடற்கரையில், காமாய்ஷி என்ற ஊரில் கிட்டத்தட்ட மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். அங்கே கதாதா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாகப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பயிற்சி கொடுத்திருந்தார். பெரிய மாணவர்கள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். முதலில் போன இடம் போதாது என்று தோன்றியதும் இன்னும் மேலே போனார்கள். பயிற்சியில் ஒரு பகுதி வீட்டுப்பாடம். ‘நான் கட்டாயம் மேட்டுக்கு ஓடிவிடுவேன், என்னைத் தேடிப் பள்ளிக்கு வராதீர்கள், நீங்களும் ஓடுங்கள்’ என்று பிள்ளை வீட்டில் சொல்லி அம்மா அப்பாவை நம்ப வைக்க வேண்டும். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் பிள்ளையைத் தேடிக் கடலை நோக்கிப் போகாமல் பெற்றோர் பலரும் பிழைத்தார்கள்.

நம் ஊர்த் தாயிடம் போய் ‘பிள்ளையைத் தேடி வராதே’ என்று சொல்லிப் பாருங்கள்! சொன்னவர் வீடு திரும்ப முடியாது. ஆனால் பிள்ளை எங்கே போய் நிற்கும், எந்த இடத்தில் வந்து கூட்டிக்கொள்ளலாம் என்பது முன்பே தெரிந்திருந்தால், அந்தத் தாயே கேட்டை இடிக்காமல் அந்த இடத்துக்குப் போவார்.

அப்பா வரட்டும் என்று…

2019 நவம்பர் 20. வயநாடு, சுல்தான் பத்தேரி அரசுப் பள்ளி. ஐந்தாம் வகுப்பு. வகுப்பறைத் தரையில் இருந்த பொந்துக்குள் கால் பட்ட பத்து வயதுச் சிறுமியைப் பாம்பு கடித்தது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தகப்பனார் வரும்வரை காத்திருந்தார்கள் என்று சக மாணவர்களே சொன்னார்கள். பிறகு ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு என்று நேரம் போனது. கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் குழந்தை இறந்தது. ஆசிரியர் பணியிடை நீக்கம், போராட்டம், விசாரணை எல்லாம் தொடர்ந்தன.

இதைப் படிக்கிற எந்த ஆசிரியருக்கும் ஒரு விஷயம் உள்ளுக்குள் குத்தும். பிள்ளைக்கு ஏதாவது என்றால், நாமாக எடுத்துக்கொண்டு ஓடினால், ‘யாரைக் கேட்டுக் கொண்டுபோனீர்கள்?’ என்று நாளைக்குப் பெற்றோர் கேட்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல. காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்ததற்கே சண்டைக்கு வந்த பெற்றோர் உண்டு. ஆகவே போன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அது பாதுகாப்பான வழியல்ல.

இங்கேயும் தீர்வு ஒரு தாள்தான். ‘அவசரம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தால் எனக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்’ என்று பெற்றோர் ஜூன் மாதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைக்கு வலிப்பு உண்டா, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். இதை மறைக்கிற பெற்றோர் நிறைய. குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் வெளியே தெரிந்தால் பின்னால் கல்யாணத்துக்குச் சிக்கல் என்று வாயே திறப்பதில்லை. வகுப்பில் பிள்ளை விழும்போது கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதுதான் அங்கே நடக்கும் முதலுதவி.

பாம்புக்கடிக்கும் இதே கதைதான். வயல், ஓடை, மலை என்று எல்லாம் உள்ள இந்த மாவட்டத்தில் அது அபூர்வமல்ல. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. கயிறு போட்டு இறுக்குவது, பிளேடால் கீறுவது, வேர் அரைத்துக் கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்பவை. கடிபட்ட பிள்ளையை நடக்க விடாமல், கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை.

அருவிக்கு ஒரு பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் இல்லையென்றால் குற்றாலம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியே நுழைந்துதான் தென்காசிக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அந்த ஜூன், ஜூலைக்காகத் தமிழகமே இங்கே வருகிறது. ஆபத்தும் அங்கேயேதான். அடியில் வெயிலடித்துக்கொண்டிருக்கும். மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத காட்டில், மழை கொட்டிக்கொண்டிருக்கும். சரிவு செங்குத்து, தேக்கி வைக்க இடமில்லை. மேலே பெய்தது கீழே வர அதிக நேரம் பிடிக்காது. பேரருவிக்கு நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளம் விழும் தண்ணீரின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. எல்லா அருவிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

■ பெட்டி: தண்ணீர் மாறும்போது

வெள்ளைத் தண்ணீர் கலங்கி மண் நிறமானால், இலை, சுள்ளி, சிறு கல் விழத் தொடங்கினால், இரைச்சல் கனத்தால், தண்ணீர் விழும் அளவு திடீரென்று கூடினால் அல்லது குறைந்தால், உடனே வெளியேற வேண்டும். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஓடை போகும் திசையில் ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். செருப்பு, கைப்பேசி, துணிப்பைக்காகத் திரும்பக் கூடாது.

குளிக்க இறங்கும் முன்பே ‘பிரிந்துவிட்டால் இங்கேதான்’ என்று ஒரு இடத்தைக் காட்டிவைக்க வேண்டும். ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று குடும்பம் பிரிந்து குளிக்கும் இடத்தில் இது மிக அவசியம். சின்னப் பிள்ளை யார் கையில் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். ‘அவரிடம் இருக்கும் என்று நினைத்தேன்’ என்ற வார்த்தை பல துயரங்களின் முதல் வரி.

ஆழத்தில் யாராவது தத்தளித்தால் குதிக்கக் கூடாது. துண்டு, சேலை, கயிறு, காலி கேன் எது கிடைத்தாலும் வீச வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன செய்திகளை நாளிதழ்களில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

இதைச் சொல்லித்தர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ஒரு பீரியட். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது பிரிட்டன் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் கேட்டதை வைத்து ‘சுனாமி வருகிறது’ என்று பெற்றோரிடம் அடம்பிடித்தாள். கடற்கரை காலியானது. அந்த வகுப்பை எடுத்த ஆசிரியர் அன்று பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார்.

வெளிநாடு எதற்கு? 2024 பிப்ரவரி 25 நள்ளிரவில் புளியரை அருகே, கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றிவந்த லாரி மலைச்சாலையிலிருந்து தண்டவாளத்தில் விழுந்தது. அருகில் குடியிருந்த வயதான தம்பதி சத்தம் கேட்டு எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடி, எதிரே வந்த ரயிலை நிறுத்தினார்கள். முதல்வர் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்துப் பாராட்டினார். அவர்களுக்கு யாரும் ஒத்திகை நடத்தவில்லை. தண்டவாளத்தோரம் வாழ்ந்த வாழ்க்கை கற்றுக்கொடுத்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு மலையோரம் வாழ்கிற வாழ்க்கை இப்போது எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. காலையில் வேன், மாலையில் டியூஷன். அதனால்தான் பள்ளிக்கூடம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஊருக்கு ஊர் பாடம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. மேக்கரைக்கும் செங்கோட்டைக்கும் யானையும் வெள்ளமும். குண்டாறு அணை 36 அடிதான். சீசன் மழையிலேயே சீக்கிரம் நிரம்பிவிடும். சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கம் போனால் தடுப்புச் சுவரில்லாத கிணறுகளும் வெயிலும். சென்னையில் அச்சடித்த ஒரே சுற்றறிக்கை இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

ஒத்திகை என்ற நாடகம்

பள்ளிகளில் தீயணைப்பு ஒத்திகை நடப்பதுண்டு. பெரும்பாலும் ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீத்தொண்டு வாரத்தில். 1944இல் பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடக்கும் வாரம் அது. நம் பள்ளிகளில் அது பரீட்சைக் காலம். மைதானத்தில் டயரை எரிப்பார்கள், வீரர் நுரையடித்து அணைப்பார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், போட்டோ எடுத்தாகிவிட்டது.

அணைக்கக் கற்பது பெரியவர்கள் வேலை. பிள்ளைக்கு வெளியே போகத் தெரிந்தால் போதும். முன்னறிவிப்பில்லாமல், மதிய உணவு நேரத்தில், ஒரு படிக்கட்டை அடைத்துவைத்து மணியடித்துப் பார்க்கட்டும். மாடியிலிருக்கும் கடைசிப் பிள்ளை வெளியே வர எவ்வளவு நேரம்? நடக்க முடியாத பிள்ளையை யார் தூக்கினார்? வெளியே வந்ததும் எண்ணிக்கை எடுக்க வருகைப் பதிவேடு யார் கையில் இருந்தது, அல்லது அது உள்ளேயே எரியும் அலமாரியிலா?

வேன், ஆட்டோவுக்கு ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. தென்காசிச் சாலைகளில் எம்.சாண்டும் ஜல்லியும் ஏற்றிக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகளுக்கு நடுவேதான் நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். பள்ளிப் பேருந்தில் அவசர வழி எது, அதை உள்ளிருந்து எப்படித் திறப்பது என்று பிள்ளைகள் ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். டிரைவர் மயங்கிவிட்டால் யாரை அழைப்பது என்ற எண் உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். பள்ளிக்குச் சொந்தமில்லாத, நாமே பேசிவிடும் ஆட்டோவுக்கோ கேட்க ஆளே இல்லை. மூன்று பேர் இடத்தில் பத்துப் பேரைத் திணிக்கும்போது மாதம் இருநூறு ரூபாய் குறைகிறதே என்று நாமும்தான் பேசாமல் இருக்கிறோம்.

போன் வேலை செய்யாத நாள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோர ஊர்கள் பலவற்றில் மின்சாரம் போனது, பின்னாலேயே கைப்பேசி டவர்களும் படுத்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிய சுமார் எண்ணூறு பேர் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. வாட்ஸ்அப் குழுவை நம்பிப் போட்ட திட்டம் முதல் மணி நேரத்திலேயே காலி.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியது பழைய பாணி வேலை. பிள்ளைக்கு இரண்டு எண்ணாவது மனப்பாடமாகத் தெரிய வேண்டும். ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அம்மா நம்பர் தெரியாது. போனில் ‘அம்மா’ என்று அழுத்தித்தான் பழக்கம். வீடு பூட்டிக்கிடந்தால் எந்த வீட்டில் போய் இருக்க வேண்டும் என்பதும், ஊருக்குள்ளே போக முடியாவிட்டால் சந்திக்கும் இடமும் முடிவாகியிருக்க வேண்டும். சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேல் பரணில். அந்த வெள்ளத்தில் புத்தகமும் சான்றிதழும் நனைந்து நாசமான பிள்ளைகளுக்கு அரசு திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. டார்ச், மருந்து, கொஞ்சம் சில்லறைப் பணம். ஏ.டி.எம்.மும் ஜிபேயும் மின்சாரத்தோடு சேர்ந்தே போய்விடும்.

■ பெட்டி: குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்ட

அவசர உதவி 112 • ஆம்புலன்ஸ் 108 • தீயணைப்பு, மீட்பு 101 • மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077 (கைப்பேசியில் கிடைக்காவிட்டால் தென்காசி எஸ்.டி.டி. எண் 04633 சேர்த்து) • மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070 • குழந்தைகள் உதவி 1098 • பள்ளிக் கல்வி உதவி 14417 • அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு மின்னகம் 94987 94987

வானிலை எச்சரிக்கைக்கு: டிஎன்-அலர்ட் செயலி

கேட்க ஒரு இடம் இருக்கிறது

இதையெல்லாம் யாரிடம் போய்ப் பேசுவது என்று கேட்கலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் 2022இலும் 2024இலும் குழுக்கள் புதிதாக அமைந்தன. கூட்டத்தில் காலைச் சிற்றுண்டி பற்றியும் கழிப்பறை பற்றியும் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதான். பாதுகாப்பு என்று வந்தால் சுற்றுச்சுவர் உயரத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தனியார் பள்ளியில் இருக்கவே இருக்கிறது பெற்றோர் ஆசிரியர் கூட்டம். அங்கே மார்க் ஷீட்டைத் தவிர வேறெதையும் கேட்டால் ஆசிரியரே ஆச்சரியமாகப் பார்ப்பார்.

பள்ளி திறப்பதும் சீசன் தொடங்குவதும் ஒரே ஜூன். அந்த மாதக் கூட்டத்துக்குப் போகும்போது, பிள்ளையைக் கூப்பிட அனுமதி பெற்றவர்களின் பட்டியலையும் மருத்துவ ஒப்புதல் தாளையும் நீங்களே எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். படிவம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ஒத்திகை எப்போது, வெளியே வந்து கூடும் இடம் எது, கூட்டிப்போக எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். பின்பக்க கேட்டில் தொங்கும் பூட்டின் சாவி இந்த நிமிடம் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.